விலை சொல்லப் பழகுவோம்

வெண்ணந்தூரில் எங்கள் தெருவைத் தாண்டினால் விசைத்தறிச் சத்தம்தான். தறி ஓட்டப் போகாமல் டிசைன் வேலைக்கு வந்தவன் நான். சேலத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் இரண்டு வருடம் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று கோரல்டிராவில் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கடனுக்கு ஒரு கணினி வாங்கி, வீட்டிலிருந்தே தனியாக வேலை எடுத்தேன்.

முதல் வாடிக்கையாளர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். லோகோ, பை, போர்டு எல்லாம் கேட்டார். போனில் "வாங்க, போங்க" என்று பேசியவர், நேரில் "எந்தத் தெரு? யார் பையன்?" என்று விசாரித்ததும் "வாடா" என்றார். "எவ்வளவுடா?" என்று கேட்டபோது, "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்றேன். பதினோரு டிசைனுக்கு நான்கு மாதம் கழித்து ஐந்நூறு ரூபாய் வந்தது.

பாட்டியிடம் சொன்னேன். "உங்க தாத்தனும் இப்படித்தாண்டா. கவலைக்குத் தோல் பறி தைச்சுக் குடுத்துட்டு, அறுப்பப்போ களத்து மேட்டுல துண்ட விரிச்சுட்டு நிப்பாரு. அவுங்க அளந்ததுதான் கூலி" என்றது.

அன்றுதான் புரிந்தது. எனக்கு வேலை தெரியும், விலை சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் தன் வேலைக்குத் தானே விலை சொன்னவர் யாரும் இல்லை. கடைக்கார வீட்டுப் பிள்ளைகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொள்வதை நாம் இருபத்தைந்து வயதில் கற்க வேண்டியிருக்கிறது.

திறமை இருந்தால் சாதி தடுக்காது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அமெரிக்காவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் திரும்பிய அம்பேத்கர், பிழைப்புக்காக பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தனித்தொழிலிலும் சாதி வரும். அது வரும் என்று தெரிந்தே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

நான் செய்வது இதுதான். மாதச் செலவு, கணினித் தவணை, கரண்ட், நெட் எல்லாம் சேர்த்து 18,000 என்று வையுங்கள். வேலை தேடவும் பணம் கேட்கவும் பாதி மாதம் போகும். கையில் நிற்பது 12 நாள். அப்படியென்றால் ஒரு நாள் 1,500. மூன்று நாள் பிடிக்கும் லோகோவை 4,500க்குக் கீழே எடுத்தால் நஷ்டம். பாதிப் பணம் முன்பணம். எத்தனை டிசைன், எத்தனை முறை திருத்தம், என்றைக்குப் பணம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி "சரி" என்று பதில் வாங்கிவிடுவேன். முழுப்பணம் வரும்வரை அச்சுக்கான ஃபைல் போகாது.

உத்யம் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால் வட்டியோடு தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நமக்கு ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை. "ஜிஎஸ்டி இல்லாத பில் செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாக நம் இயக்கங்களுக்கு. "தோழர், ஏப்ரல் 14க்கு ஒரு போஸ்டர், ராத்திரிக்குள்ள வேணும்" என்று போன் வரும். சந்தோஷமாகச் செய்கிறேன். ஆனால் இப்போது பில்லும் அனுப்புகிறேன்: கூலி 1,500, இயக்கத்துக்கு என் நன்கொடை 1,500, பாக்கி இல்லை. முதலில் ஒரு தோழர் சிரித்தார். அடுத்த வருடம் அவரே, "இந்த முறை ஐந்நூறாவது வாங்கிக்கங்க தோழர்" என்று அனுப்பிவைத்தார். விலையைச் சொல்லிவிட்டு விட்டுக்கொடுத்தால் அது நன்கொடை. விலையே கேட்காமல் வாங்கினால், யார் வாங்கினாலும் அது வெட்டி வேலைதான்.

அடுத்த முறை "எவ்வளவு ஆகும்?" என்று யாராவது கேட்டால், தலையைச் சொறியாமல் தொகையைச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.