நாற்பது தீக்குச்சி

போன டிசம்பர் லீவுல கோத்தகிரி பக்கம் எங்க ஊர்ல ரெண்டு நாள் கரண்ட் இல்லை. வெளியே பனி, போன்ல சார்ஜ் இல்லை. பொழுது போகாமத்தான் தாத்தாவுக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தேன். காசுக்குப் பதிலா தீக்குச்சி.

தாத்தாவுக்குச் சீட்டு புதுசு இல்லை. அவர் பிறந்தது இலங்கைத் தோட்டத்தில். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்து, டான்டீயில் வேலைக்குச் சேர்ந்தவர். வரும்போது 304 ஆட்டத்தையும் கூடவே கொண்டுவந்தார். அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு வகையையும் கூட்டினால் 304. எந்தக் கார்டு இறங்கிடுச்சு, எது யார் கையில் இருக்கும்னு அம்பது வருஷமா கணக்குப் போட்டுப் பழகின மனுஷன்.

போக்கரில் ஆளுக்கு ரெண்டு கார்டு. நடுவில் பொதுவா முதலில் மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். அந்தக் கடைசி கார்டுக்கு 'ரிவர்'னு பேர். அதுக்கு மேல எதுவும் மாறாது. கையில் ஒண்ணும் இல்லாதவனுக்கு ஜெயிக்க ஒரே வழி, பெருசா கட்டி எதிராளியைப் பயமுறுத்துறது.

எனக்கு இஸ்பேட் ஜாக்கும் பத்தும் வந்துச்சு. நடுவில் விழுந்த மூணில் ரெண்டு இஸ்பேட், ஒண்ணு நாலு, இன்னொண்ணு ரெண்டு. மூணாவது ஆட்டின் ஒன்பது. இன்னொரு இஸ்பேட் வந்தால் என் கைதான் பெருசு. தாத்தா கட்டினார், நானும் போட்டேன். நாலாவது கார்டு கிளாவர் ஆறு. மறுபடியும் அவர் கட்டினார், நான் போட்டேன். கடைசியில் டைமன் ராஜா. எனக்கு ஒரு ஜோடிகூட இல்லை.

நடுவில் 20 குச்சி இருந்துச்சு. நான் 40 வச்சேன். ஹாஸ்டல்ல படிச்ச கணக்கு இது: 20-ஐ எடுக்க 40 போட்டால், மூணு தடவையில் ரெண்டு தடவையாவது எதிராளி மடக்கணும், அப்பதான் நஷ்டம் வராது. அவர் பக்கம் பார்த்தால், 40 போட்டு மொத்தம் 100 எடுக்கலாம். அதனால நான் இப்படிக் கட்டுற அஞ்சு தடவையில் ரெண்டுக்கு மேல பொய்னு தெரிஞ்சா, அவர் யோசிக்காம போட்டுடலாம்.

தாத்தா ரொம்ப யோசிக்கலை. குச்சியை எண்ணிப் போட்டுட்டு, கிளாவர் ஒன்பதைக் காட்டினார். வெறும் ஒன்பது ஜோடி!

"எப்படி தாத்தா?"

"ராஜா உனக்கு வேண்டியவன்னா சும்மா சும்மா என் பின்னாலயே ஏன்டா வந்த? நீ இஸ்பேட்டுக்குக் காத்திருந்த. அது வரலை. வராததும் சத்தம் போடுற."

சிரிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை.

மூணாவது வருஷம் எக்ஸாம் ஃபீஸுக்கு அப்பா அனுப்பின 4,500 ரூபாயை ஒரு ஆப்ல ஒரே ராத்திரியில் விட்டேன். கடைசியா மிச்சம் இருந்ததை மொத்தமா ரிவர்ல வச்சது இதே மாதிரி ஒரு பிளஃப். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுதான்னு 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை அப்போ நண்பர்களிடம் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். திறமை வேணும்கிறது உண்மை. அது எனக்கு இருக்கான்னு நான் கேட்டுக்கவே இல்லை. காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் தடை செஞ்சது. என் காசு அதுக்கு முன்னாடியே போயிடுச்சு.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு போன் பண்ணி, "ப்ராஜெக்ட் கிட் வாங்கணும்ப்பா, இன்னைக்கே கட்டணும்"னு சொன்னேன். கொழுந்து லாரி ஓட்டுற மனுஷன். ஒரு கேள்வி கேக்கலை, அனுப்பிட்டார். தாத்தா கிட்ட மாட்டின நான் அப்பா கிட்ட ஏன் மாட்டலை? அதுவரைக்கும் இருபது வருஷமா அவர்கிட்ட நான் சொன்னதெல்லாம் உண்மை. முந்தின ரவுண்டு எல்லாம் சரியா இருந்ததால, கடைசி பொய் பொருந்திடுச்சு. அந்த இருபது வருஷத்தைத்தான் நான் 4,500 ரூபாய்க்குச் செலவு பண்ணியிருக்கேன்.

பொங்கலுக்கு அப்பா கிட்ட சொன்னேன். லாரி கண்ணாடியைத் துடைச்சுட்டு இருந்தவர் நிறுத்தவே இல்லை. திட்டவும் இல்லை. துடைச்சு முடிச்சு துணியைப் பிழிஞ்சு காயப்போட்டுட்டு, "இனிமே ரசீது அனுப்பு"ன்னு மட்டும் சொன்னார்.

இந்த செமஸ்டர் ஃபீஸ் கட்டினதும் ரசீதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல நீல டிக் வந்துச்சு. பதில் வரலை. அடுத்த ரசீதும் அனுப்புவேன்.