உறுமலின் பொருள்

நாய் மனிதனோடு வாழத் தொடங்கி 15,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. காவலுக்கும் வேட்டைக்கும் துணைநின்ற அவ்விலங்கு, இன்று அடுக்குமாடி வீட்டிலும் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கிறது. ஆயினும், நன்கு பழகிய நாயும் சில வேளைகளில் உணவுத்தட்டின் முன் வேறொரு விலங்காக மாறிவிடுகிறது. அணுகுபவரைப் பார்த்து உறுமுகிறது. சில நேரங்களில் கடித்தும் விடுகிறது. "சோறு போட்ட கையையே கடிக்கிறதே!" என்று வீட்டார் மனம் நோகின்றனர். நன்றியற்ற பிராணி என்று அதனைப் பழிப்பதற்கு முன், அச்செயலின் காரணத்தை அறிதல் நலம்.

காட்டில் வாழ்ந்த நாயின் முன்னோர், கிடைத்த இரையைக் காத்துக்கொண்டால்தான் உயிர்பிழைக்க முடிந்தது. அந்த இயல்பு வீட்டு நாயிடமும் எஞ்சி நிற்கிறது. தெருவில் பிறந்து ஒரே எச்சில் இலைக்காக உடன்பிறந்த குட்டிகளோடு போராடிய நாய்க்கும், ஒரே தட்டில் முண்டியடித்து உண்டு வளர்ந்த நாய்க்கும் அது மிகுதியாக இருக்கக்கூடும். ஆகவே, உறுமலின் அடியில் இருப்பது பெரும்பாலும் செருக்கு அன்று. உள்ளதும் பறிபோய்விடுமோ என்னும் அச்சமே.

அந்த அச்சம் பெரும்பாலும் படிப்படியாகவே வெளிப்படும். முதலில் நாய் உண்பதை நிறுத்தி உடலை விறைப்பாக்கும். அல்லது முன்னினும் விரைவாக விழுங்கும். தலையைத் தட்டின்மேல் கவிழ்த்தவாறு, கண்ணின் வெண்மை தெரியக் கடைக்கண்ணால் நோக்கும். பின்னர் உதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டி உறுமும். இவற்றை ஒருவரும் பொருட்படுத்தாதபோது கடிக்கும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்னும் பழமொழியை நம்பி இங்கே துணிதல் கூடாது. குரைத்தல் வேறு, உறுமுதல் வேறு. உறுமல் என்பது, "விலகி நில்" என்று நாய் தன் மொழியில் விடுக்கும் எச்சரிக்கை.

அம்மொழியை அறியாத குடும்பம் ஒன்று வடநாட்டு நகரத்தின் அரசுப் பணியாளர் குடியிருப்பில் வாழ்ந்தது. அவ்வீட்டில் வளர்ந்த தெருநாய் உண்ணும்போது உறுமியது. தலைவன் யார் என்பதை நாய்க்கு உணர்த்தவேண்டும் என்று எண்ணிய தந்தை, நாள்தோறும் அதன் தட்டைப் பாதியில் எடுத்தார், உறுமினால் அடித்தார். சில வாரங்களில் உறுமல் நின்றது. நாய் திருந்திவிட்டது என்று அனைவரும் மகிழ்ந்தனர். ஒருநாள் மாலை, தட்டின் அருகே உருண்டோடிய பந்தை எடுக்கச் சிறுமி குனிந்தாள். நாய் ஓசையின்றிப் பாய்ந்து அவள் கையைக் கடித்தது.

தாய் உடனே காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் குழாய்நீரில் 15 நிமிடம் கழுவினாள். பின்னர் மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி போடப்பட்டது. நாயை ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் என்று அயலார் கூறினர். வளர்த்த விலங்கைப் பசியால் வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். தந்தை என்ன செய்வதென்று தெரியாமல் அமர்ந்திருந்தபோது, கையில் கட்டுடன் சிறுமி கேட்டாள்: "அப்பா, முன்பெல்லாம் உறுமுமே! இப்போது ஏன் உறுமாமலே கடித்தது?" அவரிடம் விடையில்லை. அச்சம் நாயிடம் அப்படியே இருந்தது. அடிகள் அதன் எச்சரிக்கையை மட்டுமே அழித்திருந்தன.

கால்நடை மருத்துவர் முதலில் நாய்க்குப் பல்வலியோ வயிற்று நோயோ உள்ளதா என்று ஆராய்ந்தார். வலியும் சினத்தைத் தூண்டும். பின்னர்ப் புதிய வழியொன்றைக் கற்பித்தார். நாய் தனி அறையில் உண்ணவேண்டும். சிறுவர் அங்கே செல்லலாகாது. தந்தை மட்டும், நாய் கலங்காத தொலைவில் நின்று, அதன் உணவினும் சுவையான இறைச்சித்துண்டு ஒன்றைத் தட்டின் அருகே எறிந்துவிட்டு விலகவேண்டும். நாள் செல்லச்செல்லச் சிறிது சிறிதாக நெருங்கலாம். நாயின் உடல் விறைத்தால் மீண்டும் பின்வாங்கவேண்டும். வாயில் கவ்விய பொருளைப் பிடுங்காமல், வேறொன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளவேண்டும். சில மாதங்களில், தந்தையின் காலடியோசை கேட்டதும் நாய் வாலாட்டியவாறு தலைநிமிர்ந்தது. வருபவர் பறிப்பவர் அல்லர், தருபவர் என்பதை அது கற்றுக்கொண்டது. ஆயினும் தனி அறை என்னும் விதி அவ்வீட்டில் தளரவில்லை.

குட்டிப் பருவத்திலேயே இந்நம்பிக்கையை வளர்ப்பது எளிது. பெரியவர்கள் அவ்வப்போது குட்டியின் தட்டில் சிறிது நல்லுணவைச் சேர்த்துவிட்டு விலகினால், அது மனிதர் வருகையை விரும்பும். பல நாய்கள் உள்ள வீட்டில் அவற்றுக்குத் தனித்தனி இடங்களில் உணவிடவேண்டும். ஒருமுறை கடித்த நாயைப் பழக்கும் பணியைத் தேர்ந்த பயிற்சியாளரின் துணையின்றி மேற்கொள்ளலாகாது.

தெருநாய்களுக்கும் இது பொருந்தும். சிறுவர் விளையாடும் இடங்கள், நுழைவாயில்கள், மாடிப்படிகள் ஆகியவற்றுக்கு அப்பால், குறித்த இடத்தில் அவற்றுக்கு உணவிடவேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுகின்றன. பள்ளி செல்லும் வழியில் நாய் உண்பதைக் கண்டால், அதனைத் தொடாமலும் அதன் கண்களை உற்று நோக்காமலும் ஓடாமலும் சற்று விலகி நடந்து செல்லவேண்டும். அது உண்டு முடிக்கச் சில நிமிடங்களே ஆகும்.