நம்புகிறவர்களுக்கு எதற்குப் புத்தகம்?

நாவல் எழுதுகிறவனுக்கு ரகசியமாக ஓர் அளவுகோல் உண்டு. எத்தனை பிரதிகள் விற்றன என்பது அல்ல. அந்தக் கணக்குப் பதிப்பாளருக்கும் பகவானுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். யாராவது ஒருவர் வந்து, “உங்கள் நாவலை இரண்டாம் தடவை படித்தேன்” என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு வேண்டியதில்லை. என்னிடம் அப்படிச் சொன்னவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவர்களிலும் ஒருவர், முதல் தடவை படித்தது சுத்தமாக மறந்துபோனதால் மறுபடியும் எடுத்தாராம்.

இந்தப் பொறாமையோடுதான் நான் வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் புத்தகக் கடை முன்னால் போய் நிற்பது வழக்கம். பிரான்சு தேசத்து லூர்து ஊரில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்வது 1858-ல். இருபது வருஷத்துக்குள் அந்தச் செய்தி கப்பலேறி வந்து, திருக்காமீசுவரர் தேரோடும் வில்லியனூரில் ஒரு கோயிலாகவும் எதிரில் ஒரு குளமாகவும் ஆகிவிட்டது. ஈஸ்டர் கழிந்து நடக்கும் திருவிழாவில் எல்லா ஜாதி ஜனங்களையும் பார்க்கலாம். எங்கள் பாகூர்ப் பக்கத்து மாரியம்மன் பக்தைகளும் அதில் உண்டு. கடையில் மெழுகுவத்தி, ஜெபமாலை, சுரூபங்கள். ஒரு மூலையில் புத்தகங்கள்.

அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வெளியாளை உள்ளே கூப்பிட எழுதியவை அவற்றில் சொற்பம். மற்றதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு. ஏற்கெனவே நம்புகிறவர்களை இன்னும் கொஞ்சம் நம்பச் சொல்லி எழுதியவை. நேர்ந்துகொண்டு கால்நடையாக வந்து, குளத்துத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற ஒருத்திக்கு, விசுவாசத்தில் வளருவது எப்படி என்று ஒரு புத்தகமா? இலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போகிறவனைக் கூப்பிட்டு மறுபடியும் உட்கார வைக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?

ஆனால் தமிழ் அச்சின் பிறப்பே இந்த மறுபடியும் உட்கார வைக்கிற காரியத்தில்தான் நடந்திருக்கிறது. அந்தக் கதை, ஒரு நாவல் கிடைக்காமல் போனதில் ஆரம்பிக்கிறது.

1521-ல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்த ஸ்பெயின் தேசத்து வீரன் ஒருவன் படுக்கையில் கிடந்தான். பொழுது போகவில்லை. வீரர்கள் சாகசமும் காதலும் செய்கிற கதைப் புத்தகம் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டான். வீட்டில் அந்த மாதிரி ஒன்றும் இல்லை. இருந்தவை இரண்டு: கிறிஸ்துவின் சரித்திரம் ஒன்று, அடியார்களின் சரித்திரம் ஒன்று. வேறு வழியில்லாமல் படித்தான். அவனும் பிறப்பிலேயே கிறிஸ்தவன்தான், நம்பாதவன் அல்ல. ஆனாலும் கால் சரியாகி எழுந்தவன் வேறு ஆள். அவன்தான் இஞ்ஞாசியார். அவர் தொடங்கிய சேசு சபைக்கு 1540-ல் போப்பின் அனுமதி கிடைத்தது. அந்த வீட்டில் ஒரே ஒரு நல்ல நாவல் இருந்திருந்தால் உலக சரித்திரம் எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. என் தொழிலுக்கு அது அவ்வளவு பெருமை தரும் யோசனை அல்ல.

அந்தச் சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார்தான் முத்துக்குளித்துறை ஜனங்களுக்காக 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான, இன்றும் கைக்குக் கிடைக்கிற முதல் புத்தகம் அது. வெறும் 16 பக்கம். எட்டு வருஷம் கழித்து, 1586-ல், அவரே 600 பக்கங்களுக்கு மேல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதன் பெயர் ‘பிளோஸ் சாங்தோரும்’, அடியார் வரலாறு. படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார் வேண்டாவெறுப்பாகப் படித்த அதே ஜாதிப் புத்தகம், அறுபத்தைந்து வருஷத்தில் தமிழாகிவிட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம் என்கிற காலத்தில், அவ்வளவு பெரிய புத்தகத்தை யாருக்காக அச்சிட்டார்?

காதால் படிக்கிறவர்களுக்காக. தென்னார்க்காடு, புதுச்சேரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கிற பிரசங்கியார் முன்னால் நானும் சின்ன வயதில் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கர்ணன் சாகப் போகிறான் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷமும் செத்தான். அடுத்த வருஷமும் சாவான். இருந்தாலும் அன்றைக்கு அழாமல் எழுந்து போகிறவள் கிடையாது. மாதா கோயில் ஊர்களிலும் இதேதான். கோவாவிலிருந்து இலங்கைக்குப் போய் உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் சாமியார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’, யாழ்ப்பாணத்திலும் கடலுக்கு இந்தப் பக்கமும் தபசு காலத்தில் ராகத்தோடு படிக்கப்பட்டது. ஒருவர் படிப்பார், ஊர் கேட்கும். புத்தகம் ஒன்று, வாசகர்கள் முந்நூறு பேர். இந்தக் கணக்கையும் பதிப்பாளர்கள் அறிய மாட்டார்கள்.

சாமியார் எப்போதோ ஒரு தடவை வந்து போகும் கிராமங்களில் இந்தப் படிப்பையும் ஜெபத்தையும் நடத்தினவர் உபதேசியார். பழைய பெயர் வேதியர். அவருக்கென்றே வீரமாமுனிவர் 1727-ல் எழுதினார், ‘வேதியர் ஒழுக்கம்’. தேம்பாவணியின் ஆசிரியர் என்றுதான் நாம் அவரைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், 3,615 பாட்டுக் கொண்ட அந்தக் காவியத்தைவிட இந்த வசன நூலில்தான் மனுஷர் நமக்குப் பக்கத்தில் வருகிறார். அணி இல்லை, வர்ணனை இல்லை. வழி காட்டுகிறவன் முதலில் தான் நடக்க வேண்டும் என்பதை விடாமல், சலிக்காமல் சொல்லிக்கொண்டு போகிறார். நல்ல தமிழ் வசனம் எப்போது பிறந்தது என்று சர்ச்சை செய்கிறவர்கள் இந்தப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுச் சண்டை போடலாம்.

அச்சில் வருவதற்கு அது நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. அதுவரை ஓலையில் பிரதி எடுத்துக் கைமாறியது. பின்னால் புதுச்சேரி மாதா கோயில் அச்சுக்கூடம் வந்தது. தேம்பாவணி முதன்முதலில் அச்சேறியதும் அங்கேதான், 1851 முதல் 1853 வரை. அந்த அச்சுக்கூடத்துக்கு உயிராக இருந்தவர் துப்புயி என்ற பிரெஞ்சுச் சாமியார். பொன்னாந்து ஆண்டகை புதுச்சேரியில் சங்கம் கூட்டிக் கல்வியைப் பற்றிப் பேசிய 1844-ஆம் வருஷத்திலேயே, துப்புயி பெண் குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லித்தரத் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையும் ஆரம்பித்தார். இரண்டையும் ஒரே ஆள் செய்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கையால் புத்தகம், இன்னொரு கையால் அதைப் படிக்கிறவள். பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்த செப்பேட்டை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அங்கே எங்கள் பாட்டிகளில் ஒருத்தியும் படித்ததாக அந்தச் செப்பேடு சொல்லவில்லை.

இந்தப் புத்தகங்கள் எல்லாம் நல்ல புத்தகங்கள் என்று நான் சொல்லவில்லை. பல புத்தகங்கள் நரகத்தின் சூட்டை விவரிப்பதில் அநாவசியமான உற்சாகம் காட்டுகின்றன. இன்றைக்கு வருகிறவற்றில் சில, விசுவாசம் வைத்தால் விசா கிடைக்கும் என்கிற அளவுக்கு இறங்கிவிட்டன. அதற்குப் பயண ஏஜெண்டே போதும். ஆனால் நல்ல புத்தகம் ஒன்றின் வேலையை அளக்க வேறு மதக்காரன் சாட்சி வேண்டுமென்றால், ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்று தமிழில் வழங்கும் பதினைந்தாம் நூற்றாண்டுப் புத்தகத்தைச் சொல்லலாம். விவேகானந்தர் தேசமெல்லாம் திரிந்த நாளில் கீதையோடு அதையும் வைத்திருந்தார். 1889-ல் அதில் ஒரு பகுதியை வங்காளியில் மொழிபெயர்க்கவும் செய்தார். அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. துறவி இன்னும் துறவியானார், அவ்வளவுதான். எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக யாரும் தூர் வாராமல் விடுவதில்லையே.

எனக்குத் தெரிந்த ஓர் ஆயா, வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அறுபது வருஷமாக, மே மாதம் ஒன்றாம் தேதி ஆரம்பித்து முப்பத்தொன்றாம் தேதி முடிப்பாள், மாதா வணக்கமாதப் புத்தகத்தை. நாளுக்கு ஒரு தியானம், ஒரு ஜெபம், மாதா செய்த புதுமை ஒன்று. எழுதியவர் பெயரை நான் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதல் பக்கமே போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அவள் மகன் கொத்து வேலைக்காரர். பத்து வருஷம் அவர் கூலி முழுவதும் சாராயக் கடைக்குப் போயிற்று. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் யாரோ கையில் திணித்த சின்னப் புத்தகத்தைப் படித்து, அதன் பின்னால் போய், ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். குடி நின்றது. இது நான் கண்ணால் கண்ட உண்மை. அதை யாரும் கேலி செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அந்தச் சபையில் மாதாவுக்கு இடமில்லை. சுரூபத்தையும் அந்தப் பழைய புத்தகத்தையும் வீட்டைவிட்டு எடுத்துவிட வேண்டும் என்றார். நான் திண்ணையில் இருக்கும்போதே பேச்சு நடந்தது. ஆயா கோபப்படவில்லை.

“ஒம் பொஸ்தவம் ஒன்னக் குடிய வுட வச்சுது. அது நல்லா இருக்கட்டும். நீ குடிச்சிக்கினு கெடந்த பத்து வருஷமும் என்ன வுயிரோட வச்சிருந்தது எம் பொஸ்தவம்டா.”

அவர் பதில் சொல்லவில்லை. சுரூபம் மகள் வீட்டுக்குப் போயிற்று. புத்தகம் ஆயாவின் தலைமாட்டில் இருந்துவிட்டது. அன்று முதல் ஒரே வீட்டில் இரண்டு ஜெபம். பக்தியை ஆழப்படுத்துகிற புத்தகங்கள் வீட்டையும் நடுவில் ஆழமாக வெட்டிவிடும் என்பதை அந்தத் திண்ணையில்தான் பார்த்தேன். அவர்கள் பேசுகிற பாஷையே வேறு. ஆயாவுக்குச் சர்வேசுரன். மகனுக்குத் தேவன். கோயிலில் இப்போது இளைய சாமியார் படிக்கிற 1995-ஆம் வருஷத்துப் பொது மொழிபெயர்ப்பில் கடவுள். மகன் சபையில் எந்நேரமும் கூப்பிடுகிற பரிசுத்த ஆவிக்கு, ஆயாவின் புத்தகத்தில் போர்த்துகீசியர் காலத்துப் பெயர். தமிழ் நடையாகப் பார்த்தால் புதிய சொற்கள்தான் சுத்தம். எழுத்தாளன் என்ற முறையில் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அறுபது வருஷம் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டவளிடம் போய், இலக்கணம் பேசுகிற தைரியம் எனக்கு இல்லை.

போன மே மாதம் நான் போயிருந்தபோது ஆயாவுக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது. பேத்தி படித்துக்கொண்டிருந்தாள், ஏழாவது படிக்கிற பெண். பழைய எழுத்து, பழைய தமிழ். ஒவ்வொரு சொல்லாகக் கல் தடுக்கி விழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தாள். ஆயா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போய்விட்டாள். திண்ணையில் மகன் தன் பைபிளை மடியில் மூடி வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஓர் இடத்தில் பெண் நின்றுவிட்டாள். “இஸ்... இஸ்பி...” என்று இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தாள். ஆயாவைப் பார்த்தாள். எழுப்ப மனசில்லை போலிருக்கிறது.

“இஸ்பிரீத்து சாந்து,” என்றார் மகன், திரும்பாமலே. “ம், மேல படி.”