ஓட வைத்தவர்கள்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவது ஒரு நாள் அலுவல். அதனை உரியதாக்கிக்கொள்வதோ பல்லாண்டுப் பணி. நான் முதன்முதலாக வாங்கிய பி.எஸ்.ஏ. பாண்டம் மோட்டார் சைக்கிள் இதனையே எனக்குக் கற்பித்தது. நண்பர்கள் தவணை முறையிற் புதிய வண்டிகளை நாடியபோது, என்னினும் மூத்த ஒன்றை நான் பதுளைக்குக் கொண்டுவந்தேன்.

இதன் பிறப்பு வரலாறு விந்தையானது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோல்வியுற்றபின், அந்நாட்டின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்னும் வண்டியின் அமைப்பு போரிழப்பீடாக வெற்றியாளர் கைக்குச் சென்றது. அதனைக்கொண்டு பேர்மிங்காமிலிருந்த பி.எஸ்.ஏ. நிறுவனம் 1948இல் பாண்டத்தை வெளியிட்டது. 1971 வரை உற்பத்தி தொடர்ந்தது. 1955இல் யமஹா வெளியிட்ட முதல் வண்டியும் அதே ஜேர்மன் வடிவின் வழிவந்ததே.

1948, மலையகத்தார் வேறொரு காரணத்தால் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கடல் கடந்து வந்த இரும்புக்கு இங்கே பதிவுப் புத்தகம் கிடைத்தது. இம்மண்ணிலேயே பிறந்து கொழுந்தெடுத்த என் பாட்டிக்குப் பிரசாவுரிமை கிடைக்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டதும் பாதையோரம் ஒதுங்கி நின்ற தலைமுறை பாட்டியினுடையது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அத்தகைய சின்னத்துரை ஒருவரின் வண்டியே பின்னர் பல கைகள் மாறி என்னிடம் வந்தது.

வாங்கிய பின்னரே கல்வி தொடங்கிற்று. தோட்டத் தொழிற்சாலையில் நெடுங்காலம் இயந்திரங்களைப் பேணிய முதிய பாஸ் ஒருவர் எனக்கு ஆசானானார். 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இவ்வீரடிப்பு இயந்திரத்தில், உருளைக்கு வேண்டிய எண்ணெய் பெற்றோலுடன் கலந்தே செல்கிறது. பண்டாரவளையிலிருந்து தெமோதரை, ஹாலி-எல வழியாகப் பதுளைக்கு இறங்குகையில் எரிபொருளை முற்றாக அடைத்துவிட்டால், சக்கரங்கள் இயந்திரத்தைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். எண்ணெயோ போய்ச் சேராது. “எறக்கத்துல அது ஒழைக்குது தம்பி, ஆனா தீனி இல்ல. அப்பப்ப கொஞ்சம் முறுக்கிக் குடு” என்றார் பாஸ். அவர் இயந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

வடகீழ்ப் பருவ மழையில் மின்பொறித் தொடுமுனைகள் ஈரமுறும். அவற்றைத் துடைத்து, இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக அவர் கண்ணளவிலேயே அமைப்பார். அளவுத் தகட்டை இட்டுப் பார்த்தால் வேறுபாடு காண்பதரிது. புகைக்குழாயிற் படியும் கரியைச் சுரண்டுவதும், மாற்றுறுப்புக் கிடையாதபோது பழைய இரும்பிலிருந்து ஒன்றைக் கடைந்தெடுப்பதும் அவர்க்குக் கைவந்த கலைகள்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உடைமையாளர் பெயர்கள் வரிசையாக உள்ளன. முதலிற் துரை, ஈற்றில் தொழிலாளியின் பேரனாகிய நான். அவ்வரிசையைக் காணும்போது பெருமிதம் தோன்றுவது இயல்பே. ஆயினும் இவ்வண்டியை இத்தனை ஆண்டுகள் ஓட வைத்த பாஸ்மாரின் பெயர் ஒன்றேனும் அதில் இல்லை.

தோட்டங்களின் வரலாறும் இத்தகையதே. துரைமார் நினைவுக் குறிப்புகள் எழுதினர். இயந்திரம் பேணியோரின் அறிவு கைகளிலேயே தங்கிற்று. அக்கைகள் இப்பொழுது நடுங்கத் தொடங்கிவிட்டன. பாஸ் சொல்வனவற்றை நான் ஒரு கொப்பியிற் குறித்துவருகிறேன். அவரவர் தோட்டத்தில் இத்தகைய முதியோர் உளராயின், விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்கள் அவர்களிடம் ஒரு மாலைப்பொழுதேனும் அமர்ந்து கேட்டல் வேண்டும்.