வெள்ளை என்றால் காடு

புதிய காடு தேடும் வேலை பனிக்காலத்திலேயே தொடங்கிவிடும். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகள் முழங்காலளவு பனிக்குள் கிடக்கும் மாதங்களில், லேசர் அளவீட்டுப் படங்களைத் திரையில் விரித்துவைத்து இரவுகளைக் கழிப்பேன். நோர்வேயின் அரச நில அளவைத் திணைக்களம் 2016இல் தொடங்கி 2022இல் முடித்த திட்டத்தில், நாட்டின் நிலவுயரங்களை விமானத்திலிருந்து அளந்து, அந்தத் தரவுகளை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது. மரங்கள் அத்தனையையும் நீக்கிவிட்டு, கீழே கிடக்கும் தரையை மட்டும் நிழலும் வெளிச்சமுமாகப் பார்க்கலாம். ஓரியன்டீயரிங் வரைபடம் செய்பவருக்கு இதைவிட இன்பமான வாசிப்பு கிடையாது.

விளையாட்டு எளிமையானது. கையில் வரைபடமும் திசைகாட்டியும். படத்தில் வட்டமிட்ட இடங்களில் செம்மஞ்சளும் வெள்ளையுமான கொடிகள் காட்டுக்குள் தொங்கும். அவற்றை வரிசைப்படி தொட்டு விரைவாக வந்து சேரவேண்டும். எந்த வழியால் போவது என்பது ஓடுபவரின் முடிவு. அதனால் ஒரு காட்டில் நான் முதலில் தேடுவது தெரிவுகளைத்தான். பாறைத்தொடரை இடப்பக்கம் சுற்றுவதா, நேரே ஏறிக் கடப்பதா, சதுப்பின் ஓரத்தைப் பிடித்துப் போவதா? இப்படியான கேள்வி அடிக்கடி எழுகிற காடு வேண்டும். ஒரே சீராக இறங்கும் பெருஞ்சரிவு திரையில் எவ்வளவு கம்பீரமாகத் தெரிந்தாலும் ஓடுபவருக்கு அங்கே மூச்சிரைப்பைத் தவிர ஒன்றும் கிடைக்காது. சர்வதேச விதிகளும் ஒரு போட்டிப்பாதையின் மொத்த ஏற்றம் அதன் மிகக் குறுகிய உகந்த வழியின் நீளத்தில் 4 சதவீதத்தைப் பொதுவாகத் தாண்டக்கூடாது என்கின்றன.

ஒஸ்லோக்காரருக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. வடக்கே நூர்மார்க்கா என்ற காடு. கிழக்கே ஒஸ்ட்மார்க்கா, அதன் ஒரு பகுதி 2023இல் தேசியப் பூங்காவானது. ஒஸ்ட்மார்க்காவின் நைஸ் பாறை வடக்குத் தெற்காக நீளும் முதுகுகளாக எழுந்து நிற்கிறது. இடையிடையே ஒடுங்கிய ஏரிகளும் சதுப்புகளும். கிழக்கிலிருந்து மேற்கே ஓடவைத்தால் ஒவ்வொரு முதுகும் ஒரு கேள்வி. வடக்கிலிருந்து தெற்கே ஓடவைத்தால் பள்ளத்தாக்கே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே அங்கே புதிய படத்துக்கு எல்லை வகுக்கும்போது கிழக்கு மேற்கு அகலத்தில் கைவைக்க நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை.

நிலம் பிடித்த பிறகு மற்றவை வரும். சுரங்கரயிலோ பேருந்தோ பக்கத்தில் நிற்குமா என்பது ஒன்று. காரில்லாத வீட்டுப் பிள்ளையும் பயிற்சிக்கு வரவேண்டும். காணிக்காரரின் சம்மதம் இன்னொன்று. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பயிரிடாத நிலத்தில் எவரும் நடக்கலாம் என்பதால், தனியே நடந்து வரைவதற்கு நான் எவரையும் கேட்கவேண்டியதில்லை. நூறு பேரை அதற்குள் ஓடவிடுவது வேறு விஷயம். பிறகு, தியூர் என்று சேவலுக்குப் பெயர்கொண்ட பெரிய காட்டுப்பறவை. ஏப்ரல், மே மாத விடியல்களில் அதன் சேவல்கள் ஒரே இடத்தில் கூடிப் பேடுகளுக்காக ஆடும். அப்படியொரு இடம் எல்லைக்குள் இருந்தால் வசந்தகாலப் போட்டியில் அந்தப் பகுதியை முழுதாக விலக்கவேண்டும். இதில் பேரத்துக்கு இடமில்லை.

பனி உருகிய பின்பு, பன்னங்கள் நிமிர்வதற்கு முன்பு, சில வாரங்கள் தரை வெளிச்சமாக இருக்கும். நடந்து வரைவதற்கு அதைப்போல் காலம் கிடையாது. நான் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவன். அங்கே ஏறுவதற்கு உயரம் என்றால் குளக்கட்டுத்தான். சமதரையில் பழகிய என் கண்ணுக்கு இங்குள்ள மென்சரிவுகள் ஆரம்பத்தில் தெரியவில்லை. கணுக்கால்கள்தான் அவற்றை முதலில் கண்டுபிடித்தன. இப்போதும் சந்தேகம் வந்தால் கால்களைத்தான் கேட்கிறேன்.

உள்ளே போனதும் தொடங்குவது கழிக்கும் வேலை. காட்டுப் படத்தின் அளவுத்திட்டம் 1:15,000. ஒரு மீட்டர் உயரமுள்ள பாறாங்கல்லைக் கறுப்புப் புள்ளியாகக் குறிக்கலாம் என்பது விதி. அந்தப் புள்ளியின் விட்டம் 0.4 மி.மீ.; தரைக்கு மாற்றினால் 6 மீட்டர். ஒரு சரிவில் தகுதியுள்ள கற்கள் முப்பது கிடந்து, முப்பதையும் போட்டால், அந்த மூலை கறுத்துப்போகும். ஓடுகிறவர் எதையும் வாசிக்க முடியாது. எதை எடுப்பது? நாலு திசையிலிருந்தும் அந்த இடத்தை நோக்கி வந்து பார்ப்பேன். பைன் மரங்கள் ஐதாக நிற்கும் மொட்டைப் பாறையின் மேல் தனித்து நிற்கும் சிறிய கல் எண்பது மீட்டருக்கு அப்பாலேயே கண்ணில் படும். அது படத்துக்கு வரும். அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் ஐந்தாறு கூட்டாளிகளோடு ஒளிந்திருக்கும் இரண்டு மீட்டர்க் கல் சிலவேளை வராது. அளவுநாடாவை நம்புகிறவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும். மூச்சு வாங்க ஓடிவந்து அரைநொடி தலையை நிமிர்த்துகிறவர் காண்பதை வரைவதே நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

சமவுயரக் கோடுகளிலும் இதே கதைதான். கோட்டுக்குக் கோடு 5 மீட்டர். கணினி இழுத்துத் தரும் கோடு ஒவ்வொரு சிறு குழிக்கும் நடுங்கும். ஆனால் ஓடுபவர் நின்று மூச்சுவிடும் அழகான மேடை இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போயிருக்கும். விதி இதற்கு வழி விட்டிருக்கிறது: நிலவடிவம் தெளிவாக வரும் என்றால், கோட்டை இடைவெளியின் 25 சதவீதம் வரை, அதாவது 1.25 மீட்டர், மேலோ கீழோ நகர்த்தலாம். கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பது எவருக்கும் தேவையில்லை. இந்தத் திட்டி அந்தத் திட்டியைவிட உயரமா என்பது தேவை.

ஃபின்லாந்துக்காரர் யார்க்கோ ரூப்போ எழுதிய கர்த்தபுல்லாவுத்தின் என்ற மென்பொருள், லேசர் தரவிலிருந்து தானாகவே ஒரு படத்தைச் சமைத்துத் தருகிறது. சரிவு, பாறைமுகம், புதர் எல்லாம் அதில் இருக்கும். அதை அச்சடித்துக்கொண்டுதான் முதல் நடை போகிறேன். எங்கே கால் வைக்கவேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது. இருந்தும் சிக்கலான நிலத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 25, 30 மணி நேரம் செலவாகத்தான் செய்கிறது. நேரத்தைக் குடிப்பது, செடிகொடிகளின் அடர்த்தியைக் காட்டும் பச்சை நிறம். ஓட்ட வேகம் வழமையில் 60 முதல் 80 சதவீதமாகக் குறைந்தால் இளம்பச்சை, 20 முதல் 60 என்றால் நடுப்பச்சை, அதற்கும் கீழே கரும்பச்சை. இடுப்பளவில் ஏதோ அடர்ந்திருக்கிறது என்று லேசருக்குத் தெரியும். அது ஒதுங்கி வழிவிடும் பேர்ச் கன்றா, முகத்தைக் கிழிக்கும் காய்ந்த ஸ்ப்ரூஸ் கொப்பா என்று தெரியாது. கையிலிருக்கும் பலகைக் கணினியைப் பைக்குள் வைத்துவிட்டு ஓடிப் பார்ப்பேன்.

படம் மாறியதால் இந்த விளையாட்டே மாறியது. 1897 ஒக்டோபர் 31 அன்று ஒஸ்லோவுக்கு அருகில் த்யால்வே விளையாட்டுக் கழகம் நடத்தியதே பொதுமக்களுக்கான முதல் ஓரியன்டீயரிங் போட்டி என்பார்கள். அந்தக் காலத்தில் கையிலிருந்தவை பொதுத் தேவைக்கான வரைபடங்கள். பாறாங்கல்லோ சிறு திட்டியோ அவற்றில் கிடையாது. ஆகவே கொடி கட்டுவதென்றால் பண்ணைவீடு, பாதைச்சந்தி போன்ற இடங்களைத்தான் நாடமுடியும். 1950ஐ ஒட்டி நோர்வேயில் இந்த விளையாட்டுக்கென்றே பல நிறங்களில் படங்கள் வரையத் தொடங்கிய பிறகுதான் காட்டின் உள்ளறைகள் திறந்தன.

புதிய காடு என்றவுடன் எல்லோரும் தொலைவைப் பார்க்கிறார்கள். நான் வீடுகளுக்குப் பின்னால் கிடக்கும் துண்டுக்காடுகளை விரும்புகிறேன். நாயோடு நடக்கிறவர்களின் ஒற்றையடிப் பாதைகள் பின்னிக் கிடந்தாலும், அவற்றுக்குள் பத்து வயதுப் பிள்ளைக்குப் போதுமான பாறையும் பள்ளமும் உண்டு. அப்படியொரு படத்தில் நடந்த சிறுவர் பயிற்சிக்கு மகளைக் கூட்டிவந்த தமிழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, இந்த வெள்ளையா விட்டிருக்கிறது வெட்டவெளியோ?” “இல்லை அண்ணை, அதுதான் காடு. நல்லா ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள்.” அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் அதற்குள் இரண்டாவது கொடிக்குப் போயிருந்தாள்.

பாறையும் திட்டியும் என் ஆயுளுக்கு மாறாது. மரம் மாறும். முழுதாகத் தறித்த இடம் முதலில் மஞ்சள். சில வருடங்களில் பேர்ச் கன்றுகள் எழும்பும், பிறகு நட்ட ஸ்ப்ரூஸ் நெருங்கும். அதனால் பழைய படங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டியிருக்கிறது. வரும் வசந்தத்தில் எங்கள் கழகப் படமொன்றின் வடகிழக்கு மூலைக்குப் போகிறேன். அங்கே தறித்த பகுதி இப்போது பச்சையாகியிருக்கும். எந்தப் பச்சை என்பதை உள்ளே ஓடிப் பார்த்த பிறகு குறிப்பேன்.