கிணற்றடியில் ஒரு சுத்தியல் தலையன்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பதுதான் என் பிழைப்பு. பிளனேரியா என்ற தட்டைப்புழுவைக் கண்ணை மூடிக்கொண்டே கரும்பலகையில் கீறுவேன். ஆனால் வழுவழுவென்று நெளியும் எதைக் கண்டாலும் இரண்டடி தள்ளி நிற்கிற ஆள் நான். இது என் மாணவர்களுக்குத் தெரியாது.

அந்த அருவருப்பைக் கொஞ்சம் தணித்தது ஒரு கார்த்திகை மழை. கிணற்றடி வாழைக்குக் கீழே கிடந்த தென்னம் மட்டையைப் புரட்டினேன். சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, மண்ணிறத்தில், முதுகில் கறுப்புக் கோடுகளோடு ஒன்று ஊர்ந்தது. தலை மட்டும் அரைவட்டமாய் அகன்றிருந்தது. தரையில் வாழும் தட்டைப்புழு, பைப்பேலியம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு குந்தியிருந்து பார்த்தேன்.

ஒரு மண்புழுவின் மேல் படிந்து, சளியால் ஒட்டிப் பிடித்திருந்தது. தலைப்பக்கமாகத் தின்னாது, வாய் இருப்பது வயிற்றுப்பக்கம், உடலின் நடுவில். அங்கிருந்து வெள்ளையாய், மடிப்பு மடிப்பாய்த் தொண்டை வெளியே வந்து, மண்புழுவைக் கரைத்துக் கரைத்து உறிஞ்சியது. குதம் கிடையாது, மிச்சமும் அதே வாயால்தான் வெளியேற வேண்டும். 'தொண்டை வெளித்தள்ளப்படும்' என்று நான் சொல்லிக்கொடுக்கும் ஒற்றை வரிக்குள் இவ்வளவு கோரம்!

என்னைப்போல் கூச்சப்படாத ஒருவர் ஹென்றி மோஸ்லி. 1871 டிசம்பர் சூரிய கிரகணத்துக்காகத் திருகோணமலைக்கு வந்த ஆங்கிலேயர். வானத்தைப் பார்க்க வந்தவர் நிலத்தையும் குனிந்து பார்த்தார். சேகரித்த இலங்கைத் தட்டைப்புழுக்களின் உடலமைப்பை 1874இல் விரிவாக எழுதினார். லண்டன் கியூ தோட்டத்தில் கிடைத்த பைப்பேலியம் இனம் ஒன்றை 1878இல் விவரித்துப் பெயரிட்டவரும் அவரே. அந்த இனம் இன்று பூச்சாடி மண்ணோடு உலகெங்கும் பரவிவிட்டது.

"உதென்ன மோனை?" அம்மா மண்வெட்டியோடு வந்தா.

"வெட்டாதேங்கோ அம்மா, ரெண்டாகும்."

வெட்டக்கூடத் தேவையில்லை. வால் நுனியை நிலத்தில் ஒட்டவிட்டு முன்பகுதி தானே கழன்று போகும். விட்டுப்போன வால் துண்டுக்குப் பத்து நாளளவில் தலை முளைக்கும். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய கலங்கள் உடலெங்கும் பரவிக் கிடப்பதால்தான் இது நடக்கிறது.

"அப்ப கோழிக்குப் போடுவமே?"

"பேத்தை மீனிலை இருக்கிற அதே நஞ்சு இதின்ரை ரெண்டு இனத்திலை இருக்காம். 2014இலை கண்டுபிடிச்சவை."

அம்மா குசினிக்குள் போய் ஆனையிறவு உப்பு ஒரு பிடி அள்ளிவந்தா. உப்புப் பட்டால் உடம்பு நீர் இழுபட்டுச் செத்துவிடும். வாழைக்கு மண்புழு வேண்டுமே, நான் தடுக்கவில்லை. தின்று முடியட்டும் என்று மட்டும் அம்மாவை நிற்பாட்டி வைத்தேன்.