ரேம் வாங்க முகூர்த்தம் உண்டா?

"தீபாவளி வரட்டும் சார், அப்போ வாங்கிக்கலாம்" என்பது நம்ம ஊரில் துணிமணிக்கும் பொருந்தும், மிக்ஸிக்கும் பொருந்தும். கம்ப்யூட்டர் உதிரி பாகங்களுக்கு அது பாதிதான் பொருந்தும். பணியில் இருந்தபோது பல வருடம் கொள்முதல் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால், கடற்கரையில் நடக்க வரும் நண்பர்கள் இதை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய பிறகு கேள்விகள் கூடிவிட்டன. பழைய பெட்டிக்கே இன்னொரு ரேம் போடலாமா, எஸ்.எஸ்.டி. மாற்றலாமா, இப்போதா, அப்புறமா?

முதலில் அரசாங்கம் எப்படி வாங்கியது என்று சொல்கிறேன். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், மேலதிகாரி கையெழுத்து எல்லாம் முடிய மார்ச் வந்துவிடும். 31-ஆம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய நிதி காலாவதி. எல்லா இலாகாவும் ஒரே வாரத்தில் வாங்க வந்தால் வியாபாரி ஏன் இறங்கி வரப்போகிறான்? ஆனால் டில்லியில் டி.ஜி.எஸ்.அண்ட்.டி. போட்ட ரேட் கான்ட்ராக்ட்டில் ஒரு நல்ல ஷரத்து இருந்தது. ஒப்பந்தக் காலத்தில் அதே பொருளை வேறு யாருக்காவது குறைந்த விலைக்கு விற்றால் அரசாங்கத்துக்கும் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். அதற்கு 'ஃபால் கிளாஸ்' என்று பெயர். கம்ப்யூட்டர் விலை இறங்கிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் அது அரசாங்கத்துக்குப் பெரிய பாதுகாப்பு. நமக்கு அந்த ஷரத்து கிடையாது. இன்று வாங்கிய பொருள் நாளைக்கு இறங்கினால், இறங்கியதுதான்.

இறங்குவது மட்டும்தானா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இந்தச் சாமான்களின் விலை மெதுவாக இறங்கும், ஒரே நாளில் ஏறும். 1993-இல் ஜப்பானில் சுமிட்டோமோ ரசாயன ஆலையில் வெடி விபத்து. சிப்புகளை மூடும் பிசின் அங்கேதான் பெருமளவு தயாராகிக்கொண்டிருந்தது. மெமரி விலை சட்டென்று ஏறியது. 1999 செப்டம்பரில் தைவானில் பூகம்பம், மறுபடி அதே கதை. 2011 இறுதியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோது, இங்கே கடைகளில் ஏற்கெனவே அடுக்கியிருந்த டிஸ்க்குகளுக்கும் விலை ஏறிவிட்டது. வெள்ளம் பாங்காக் பக்கம், விலை நேரு வீதியில்! அது பழைய நிலைக்குத் திரும்ப வெகு காலம் பிடித்தது.

இப்போது நடப்பதும் அதுதான். மெமரி சிப் தயாரிப்பதில் பெரும்பங்கு சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளிடம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய பெரிய கணினி மையங்களுக்கு அவர்கள் சரக்கு போகிறது. புதிய ஆலை கட்டி உற்பத்தி தொடங்கச் சில வருடங்கள் ஆகும். அதனால் 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. போதாக்குறைக்கு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. எல்லாம் இறக்குமதிச் சரக்கு அல்லவா?

பழைய ரகம் மலிவாகக் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. ஜனவரியில் லாஸ் வேகாஸிலும், மே, ஜூனில் தைப்பேயிலும் நடக்கும் கண்காட்சிகளில் புது மாடல் அறிவிப்பார்கள். பிறகு பழையது இறங்கும். ரேம் அப்படி இல்லை. கம்பெனிகள் ஒரு ரகத்தை நிறுத்தப்போகின்றன என்ற செய்தி வந்தால் அந்தப் பழைய ரகமே ஏறும். 2025 நடுவில் டி.டி.ஆர்.4 மெமரி சிப்புகள் மொத்தச் சந்தையில் புதிய டி.டி.ஆர்.5-ஐ விட அதிக விலைக்குப் போயின. எனவே பழைய பெட்டிக்கு ரேம் வேண்டுமென்று உறுதியாகத் தெரிந்தால், கிடைக்கும்போதே வாங்குவதுதான் முறை.

தள்ளுபடி பற்றி. பிரான்சில் இருக்கும் உறவினர்கள் ஜனவரி வந்தால் 'சோல்த்' என்று பறப்பார்கள். (நம்ம ஊர் 'சொல்தா' வேறு, இந்த 'சோல்த்' வேறு!) குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று சட்டமே காலம் குறித்திருக்கிறது, கடைக்காரர் நஷ்டத்துக்கு விற்கவும் அப்போது அனுமதி உண்டு. தள்ளுபடி அறிவித்தால், முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்றும் விதி. பிரெஞ்சுக்காரர்களிடம் நான் ரசிக்கும் விஷயம் இது. இங்கே அந்த வேலையை நாமே செய்துகொள்ளலாம். நவராத்திரி சமயத்து இணைய விற்பனைக்கு ஒரு மாதம் முன்பே, வேண்டிய பொருளின் விலையை டைரியில் குறித்து வையுங்கள். அடித்துக் காட்டிய விலை நிஜமா என்று தெரிந்துவிடும்.

இவ்வளவு கணக்கும் டிஸ்க் நன்றாக ஓடும்வரைதான். என் நண்பர் ஒருவர், பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர். மனைவி காலமாகி ஆறு வருடம். அந்த அம்மாவின் போட்டோக்கள், பேரனுக்குப் பாடித் தூங்கவைக்கும் குரல், எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். அது 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. "இப்போ விலை அநியாயமா இருக்குப்பா, ரெண்டு மாசம் பார்ப்போம்" என்றார். "முதல்ல அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணு" என்றேன். மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே போய் நின்றோம். முந்தைய தீபாவளிக்கு நான் வாங்கிய அதே அளவு எக்ஸ்டர்னல் டிஸ்க் கணிசமாக ஏறியிருந்தது. நண்பர் பில்லைப் பார்த்து முகம் சுளித்தார். கடைப்பையன் டிஸ்க்கைக் கழற்றி மாட்டி நகல் எடுக்க ராத்திரி எட்டு மணி ஆனது. பாட்டு வந்துவிட்டது. மகள் கல்யாணப் போட்டோக்கள் இருந்த ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கவே இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் அந்தப் பாட்டை இரண்டு முறை போட்டுக் கேட்டார். பையன் கடையை மூடாமல் காத்திருந்தான்.

இன்னொன்று. ஏறிவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் பூட்டவும் கூடாது. வாரண்டி பில் போட்ட நாளிலிருந்து ஓடுகிறது. யு.பி.எஸ். பாட்டரி சும்மா வைத்திருந்தாலே கெட்டுப்போகும். அதை வாங்க ஒரே நேரம்தான், பழையது சாகும்போது. கேபினெட், கீபோர்டு, மவுஸ் விலையில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அதற்கெல்லாம் டைரி வேண்டாம். நம் அகவிலைப்படி நிலுவை எப்படியும் தீபாவளியை ஒட்டித்தான் வருகிறது, கூட்டமும் அப்போதுதான் வருகிறது. கார்த்திகையில் போனால் கடைக்காரர் உட்காரச் சொல்லிப் பேசுவார்.